முடக்குவாதம்: உடனே கேட்கும் மாத்திரையா, வாரம் ஒருமுறை மாத்திரையா?

நாள் முழுக்கக் குனிந்து நாற்று நட்ட வலி, படுத்து எழுந்தால் குறையும். முடக்குவாதம் (ருமடாய்டு ஆர்த்ரைட்டிஸ், சுருக்கமாக ஆர்.ஏ.) என்ற மூட்டு நோய் இதற்கு நேர்மாறு. விடியற்காலையில்தான் விரல் மடங்காது. ஒரு மணி நேரம் போனால்தான் சாணம் அள்ளவோ மாவு பிசையவோ கை வரும். இரண்டு கையிலும் விரலின் அடிமூட்டு, நடுமூட்டு, மணிக்கட்டு வீங்கும். நுனிமூட்டு பெரும்பாலும் தப்பிவிடும்.

கிருமியை அடிக்க வேண்டிய எதிர்ப்பணுக்கள் மூட்டின் உள்சவ்வை அடிப்பதுதான் நோய். பரம்பரைக் கூறு உள்ளவருக்குப் பீடிப் புகையும் ஈறு நோயும் தூண்டுகோல்: அங்கே உருமாறும் புரதங்களை உடம்பு அந்நியமாக எண்ணி எதிர்ப்பொருள் உண்டாக்குகிறது. வீங்கித் தடித்த சவ்வு நாளடைவில் எலும்பை அரிக்கும். அரித்தது திரும்பாது.

ரத்தப் பரிசோதனையில் ஆர்.ஏ. ஃபேக்டர் மலிவு, எந்த ஊர் லேபிலும் செய்வார்கள். ஆனால் நோயே இல்லாத முதியவருக்கும், காசநோய், மஞ்சள் காமாலை சி வகை உள்ளவருக்கும் பாசிட்டிவ் வரும். உருமாறிய புரதத்துக்கு எதிரான அந்த எதிர்ப்பொருளைத் தேடும் ஆன்ட்டி சிசிபி சோதனை விலை கூடுதல். பாசிட்டிவ் என்றால் நம்பலாம். ஒன்றுக்குத்தான் காசு என்றால் ஆன்ட்டி சிசிபி எடுப்பது மேல். இரண்டும் நெகட்டிவாக இருந்தும் நோய் இருக்கலாம் என்பதால் வீக்கத்தைக் கையால் தொட்டுப் பார்க்கும் மருத்துவரே முக்கியம். சிக்குன்குனியா வந்து போனவருக்கும் மாதக்கணக்கில் இதே மாதிரி வீங்கும். அதைச் சொல்லாமல் விட்டால் வைத்தியம் திசைமாறும்.

இனி மருந்து. மன்னார்குடியோ வலங்கைமானோ, மருந்துக்கடையில் கேட்டால் கைக்கு வருவது காகிதப் பொட்டலத்தில் கட்டிய வலி மாத்திரை. அதில் ஸ்டீராய்டு இருந்தால் இரண்டே நாளில் கை லேசாகும். முகம் உப்பியதை ‘உடம்பு தேறிவிட்டது’ என்று சொல்பவர்களும் உண்டு! மாதக்கணக்கில் தின்றால் சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும், கண்ணில் புரை விழும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து மயக்கம் வரும். மருத்துவர் கொடுப்பது வேறு விதம்: பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு நாளுக்கு 5 முதல் 10 மி.கி., முக்கிய மருந்து வேலை செய்யத் தொடங்கும் வரை சில வாரங்கள், பிறகு படிப்படியாகக் குறைப்பு. பாலமாக மட்டும்.

அந்த முக்கிய மருந்து மெத்தோட்ரெக்ஸேட். வாரம் ஒரே நாள், பெரும்பாலும் 7.5 முதல் 15 மி.கி.யில் தொடங்கி, தேவைக்கேற்ப 25 வரை. பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். பலர் நடுவில் விட்டுவிடுவது இதனால்தான். தினமும் விழுங்கினால் வாய் புண்ணாகி, வெள்ளணு சரிந்து உயிருக்கே ஆபத்து. கூடவே தரும் ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமினும் பெரும்பாலும் சிறிய மஞ்சள் மாத்திரைதான், மாற்றி எடுத்துவிடுவார்கள். வாரச் சந்தை நாளுக்கு மெத்தோட்ரெக்ஸேட், வேறொரு நாளுக்கு ஃபோலிக் ஆசிட் 5 மி.கி. என்று பிரித்து, தனித்தனி டப்பியில் வையுங்கள். ரத்த அணு, கல்லீரல், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் சோதனைகளை முதல் மூன்று மாதம் அடிக்கடி, பிறகு 8 முதல் 12 வாரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். மது கூடாது.

குழந்தைக்குத் திட்டமிடும் பெண்ணுக்கு இது ஆகாது; மருத்துவர் சொன்னபடி முன்னதாகவே நிறுத்த வேண்டும். அங்கே சல்ஃபாசலசின், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் இரண்டும் கைகொடுக்கும். முதலாவது 500 மி.கி.யில் தொடங்கி நாளுக்கு 2 கிராம் வரை. சிறுநீர் ஆரஞ்சாகும், பயம் வேண்டாம். ஆணுக்கு விந்தணு குறையும், நிறுத்தினால் சரியாகும். சல்ஃபா ஒவ்வாதவர் தொடவே கூடாது. இரண்டாவது மென்மையானது, தனியாக நின்றால் போதாது. எடைக்குக் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மி.கி.க்கு மேல் போகாமல், கண் பரிசோதனையோடு எடுக்க வேண்டும். லெஃப்லுனமைடு என்ற இன்னொரு மருந்து உடம்பில் மாதக்கணக்கில் தங்கும் என்பதால் இளம்பெண்களுக்கு ஏற்றதல்ல.

இவை தோற்றால் டோஃபாசிடினிப் மாத்திரை, உயிரியல் ஊசிகள் (பயாலஜிக்ஸ்). தொடங்கும் முன் காசநோய்ச் சோதனை கட்டாயம். இந்த மருந்துகள் உடம்பில் தூங்கும் காசநோய்க் கிருமியை எழுப்பிவிடும்.

வயல் தண்ணீரில் நிற்பவருக்குக் காய்ச்சல் வந்தால் எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். காய்ச்சல், வயிற்றுப்போக்கு உள்ள வாரத்தில் மெத்தோட்ரெக்ஸேட்டைத் தள்ளிவைத்துவிட்டு மருத்துவரைக் கேளுங்கள். மருந்துச் சீட்டையும் காட்டுங்கள்: கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் எழுதப்பட்டால் இரண்டும் சேர்ந்து ரத்த அணுக்களை ஒரேயடியாகச் சரித்துவிடும்.