எஸ்டோனியாவில் பறவை பார்க்கப் பணம் கட்டும் முன்

எஸ்டோனியாவின் காடுகளிலும் சதுப்பு நிலங்களிலும் நிபுணர் துணையோடு பறவை காட்டுவதாக விளம்பரம் செய்யும் ஒரு சுற்றுலா நிறுவனத்திடம் ஆளுக்கு 1,850 யூரோ கட்டி, நானும் என் சித்தப்பாவும் ஏமாந்து திரும்பினோம். அதே நிறுவனம் வரும் ஏப்ரல் மாதத்துக்கு முன்பதிவைத் தொடங்கிவிட்டது. ஹெல்சின்கியிலும் ஸ்டாக்ஹோமிலும் உள்ள தமிழ்க் குடும்பங்கள் சில இதைப் பற்றி விசாரிப்பதாக அறிந்தேன். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பறவைகள் கண்ணில் படவில்லை என்று நான் புகார் சொல்லவில்லை. எந்தப் பறவையும் யாருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டு வருவதில்லை. மழையும் காற்றும் யார் கையிலும் இல்லை. ஆனால் வழிகாட்டி யார், குழுவில் எத்தனை பேர், விடியும் முன் யார் எழுப்பிக் கூட்டிச் செல்வார், பறவைகளை ஒளிந்திருந்து பார்க்கும் மறைவிடத்துக்கு அனுமதி வாங்கப்பட்டதா என்பதெல்லாம் மனிதர்கள் கையில் இருப்பவை. நாங்கள் பணம் கொடுத்தது அவற்றுக்குத்தான். அவற்றில் ஒன்றைக்கூட அவர்கள் தரவில்லை.

அந்த நாட்டைக் குறை சொல்ல எதுவும் இல்லை. எஸ்டோனியாவில் ஏறக்குறைய பாதி நிலப்பரப்பு காடு. மேற்குக் கரையில் உள்ள மத்சாலு விரிகுடா 1957 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதி; 1976 முதல் ராம்சர் ஈரநிலம், அதாவது சர்வதேச ஒப்பந்தப்படி முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம்; 2004 முதல் தேசியப் பூங்கா. ஆர்க்டிக் நோக்கி வலசை போகும் வாத்துகளும் அன்னங்களும் உள்ளான்களும் வசந்த காலத்தில் ஆயிரக்கணக்கில் அங்கே இறங்கி இரை தேடுகின்றன. உள்நாட்டுக் காடுகளில் கருப்பு மரங்கொத்தி, வெண்முதுகு மரங்கொத்தி, மூவிரல் மரங்கொத்தி, ஆந்தைகள், காட்டுக்கோழி இனங்கள் எல்லாம் உண்டு. ஹெல்சின்கியிலிருந்து கப்பலில் இரண்டு மணி நேரத்தில் தாலின் போய்ச் சேரலாம். சித்தப்பா சத்தியமங்கலத்தில் வனவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் வசிக்கும் பின்லாந்துக்கு அவர் வந்திருந்த சமயத்தில் அவருக்கு வடக்கின் காட்டைக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

நிறுவனத்தின் பக்கத்தில் ஒரு பறவையியலாளரின் படமும் பெயரும் இருந்தன. இருபது ஆண்டுக் கள அனுபவம், குழுவில் எட்டுப் பேருக்கு மேல் இல்லை, இரண்டு டெலஸ்கோப்புகள், ஒவ்வொரு நாளும் விடியலுக்கு முன் புறப்பாடு என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். தாலின் துறைமுகத்தில் இறங்கியபோது ஒரு மினிபஸ் நின்றது. அதில் பதினைந்து பேர். ஓட்டுநரே வழிகாட்டி. வழக்கமாகத் தாலின் பழைய நகரத்தைச் சுற்றிக் காட்டுபவர் அவர். "எனக்குப் பறவைகளைப் பற்றி அதிகம் தெரியாது, இடங்களைக் கைபேசியில் அனுப்பியிருக்கிறார்கள்" என்று அவரே தயக்கத்தோடு சொன்னார். அந்த இளைஞர்மேல் எனக்குக் கோபம் இல்லை. வண்டி ஓட்டக் கூலி கொடுத்து, நிபுணர் வேலையையும் அவர் தலையில் கட்டியவர்கள்மேல்தான் கோபம்.

அங்கிருந்தே அலுவலகத்துக்குப் போன் செய்தேன். நிபுணருக்குத் திடீரென்று உடல்நலம் சரியில்லை என்றார்கள். ஊர் திரும்பிய பிறகு அந்தப் பறவையியலாளருக்கே மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டேன். அவர் அந்த நிறுவனத்தை விட்டு விலகி நீண்ட காலமாகிவிட்டது. தன் படத்தை நீக்கச் சொல்லிப் பலமுறை எழுதியும் அவர்கள் நீக்கவில்லை. மனிதர் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறார்.

கருங்காட்டுக்கோழி ஆட்டத்தைப் பார்க்க மறைவிடத்தில் அமர வைப்பதாகச் சொல்லி ஆளுக்கு 120 யூரோ தனியாக வாங்கியிருந்தார்கள். அந்தப் பறவையின் ஆண்கள் ஒவ்வொரு வசந்தத்திலும் அதே திறந்த வெளிக்கு, அதே மேட்டுக்கு வந்து கூடும். கருநீல உடலை விரித்து, வாலடியின் வெள்ளைச் சிறகுகளை உயர்த்தி, நீர் கொதிப்பது போன்ற குரலில் கூவியபடி ஒன்றை ஒன்று எதிர்த்து நிற்கும். பெட்டைகள் சில காலை வேளைகளில் மட்டும் வந்து துணையைத் தேர்ந்தெடுக்கும். அதனால் இதைக் காண ஒழுங்கான முறை ஒன்று உண்டு. முந்தைய மாலையோ, கும்மிருட்டு இருக்கும்போதோ மறைவிடத்துக்குள் போய்விட வேண்டும். பறவைகள் தாமாகக் கலைந்து போகும் வரை வெளியே வரக் கூடாது. ஏப்ரல் கடைசியில் அங்கே ஐந்தரை மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடும். எங்களைக் கூட்டிப் போனதோ காலை உணவு முடிந்து ஏழு மணிக்கு மேல்.

மறைவிடம் எதுவும் இல்லை. புல்வெளி ஓரத்தில் பஸ்ஸை நிறுத்தி, எல்லோரையும் இறக்கி நடக்கவிட்டார்கள். கூவும் ஒலி தெளிவாகக் கேட்டது. ஈரப் புல்லில் பதினைந்து பேரின் பூட்ஸ் சத்தம். பாதித் தூரம்கூடப் போயிருக்க மாட்டோம், ஒலி சட்டென்று நின்றது. கருத்த உருவங்கள் ஒவ்வொன்றாக எழுந்து காட்டுக்குள் போய்விட்டன. ஓரத்து பிர்ச் மரத்தில் பழுப்பு நிறப் பெட்டை ஒன்று கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு அதுவும் பறந்தது. சித்தப்பா அப்படியே நின்றுவிட்டார். "இவர்கள் இதை ஒவ்வொரு குழுவுக்கும் செய்தால் அடுத்த வருடம் இந்த இடத்தில் ஒன்றும் இருக்காது அம்மா" என்றார்.

அதைவிட மோசமானது ஆந்தை விஷயம். ஐரோப்பாவிலேயே மிகச் சிறிய ஆந்தையான பிக்மி ஆந்தை, சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரியது. மரங்கொத்தி விட்டுச் சென்ற பழைய பொந்துகளில் கூடு வைக்கும். ஏப்ரலில் அது தன் எல்லையைக் காக்கும் காலம், இனப்பெருக்கக் காலம். ஊசியிலைக் காட்டு ஓரத்தில் பஸ் நின்றது. வழிகாட்டி ஒரு சிறு ஒலிபெருக்கியைக் கைபேசியோடு இணைத்து அந்த ஆந்தையின் சீழ்க்கையை ஓடவிட்டார். சில நிமிடங்களில் ஆந்தை வந்துவிட்டது. தன் எல்லைக்குள் வேறொரு ஆண் நுழைந்துவிட்டது என்று நம்பி வந்த பறவை அது. ஒரு ஸ்புரூஸ் மரத்தின் உச்சியில் உட்கார்ந்து, வாலை இடமும் வலமும் வெட்டி வெட்டி ஆட்டிக்கொண்டு, தலையைத் திருப்பித் திருப்பிப் பகையைத் தேடியது. படம் எடுப்பவர்கள் இன்னும் அருகில் வேண்டும் என்று கேட்கக் கேட்க, ஒலி மறுபடி மறுபடி ஓடியது. சிறு பறவைகள் கூட்டமாக வந்து அதைச் சுற்றிக் கத்தத் தொடங்கின. இரை தேடித் தன் பெட்டைக்குக் கொண்டுபோக வேண்டிய நேரத்தில் அது இல்லாத எதிரியோடு போராடிக்கொண்டிருந்தது.

"அந்தச் சத்தத்தை முதலில் நிறுத்தச் சொல்லம்மா" என்றார் சித்தப்பா. நான் சொன்னேன். வழிகாட்டி உடனே நிறுத்திவிட்டார். ஆனால் குழுவில் இருந்த இருவர், ஆந்தை உறுதி என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறதே என்று அவரிடம் சண்டைக்கு வந்தார்கள். அலுவலகம் கொடுத்த உறுதிமொழிக்கும் அந்த ஆந்தைக்கும் நடுவில் பாவம் அவர் மாட்டிக்கொண்டார். ஐரோப்பிய ஒன்றியத்தின் பறவைகள் சட்டம், குறிப்பாக இனப்பெருக்கக் காலத்தில், காட்டுப் பறவைகளை வேண்டுமென்றே தொந்தரவு செய்வதைத் தடுக்கிறது. ஒரு பறவை கட்டாயம் தென்படும் என்று எவர் உறுதி கொடுத்தாலும், அந்த உறுதி எப்படி நிறைவேற்றப்படும் என்று கேளுங்கள்.

மத்சாலுவில் எங்களை நண்பகலில் கொண்டுபோய்விட்டார்கள். கானல் அலையும் நேரம் அது. தொலைவில் உள்ளது எதுவும் தெளிவாகத் தெரியாது. கொண்டுவந்த ஒரே டெலஸ்கோப்பின் முக்காலிக்கு ஒரு கால் பூட்டாமல் சரிந்துகொண்டே இருந்தது. வழிகாட்டி பஸ்ஸிலேயே இருந்துவிட்டார். ஹேஸ்கா என்ற பறவை பார்க்கும் கோபுரத்தில் உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் தன் டெலஸ்கோப்போடு தனியாக நின்றிருந்தார். எங்கள் நிலையைப் பார்த்ததும் தானே ஒதுங்கி இடம் கொடுத்தார். கரைப் புல்வெளியில் கறுப்புக் கழுத்தும் வெள்ளை முகமுமாக மேய்ந்த பார்னக்கிள் வாத்துக் கூட்டத்தைக் காட்டி, இவை மே மாதத்தில் ரஷ்ய ஆர்க்டிக் பக்கம் போய்விடும் என்றார். வெண்வால் கடற்கழுகு மேலே வந்தால் வாத்துகள் மொத்தமாக எழும், கழுகைத் தேடாதே, வாத்துகளைக் கவனி என்று சொல்லிக் கொடுத்தார்.

பிறகு சேற்றுத் திட்டில் நான்கைந்து பேதை உள்ளான்களைக் காட்டினார். கோடியக்கரையில் பனிக்காலத்தில் அந்த இனத்தை மங்கிய பழுப்பில்தான் பார்த்திருக்கிறோம். இங்கே ஆண் பறவைகளுக்குக் கழுத்தைச் சுற்றிப் பெரிய தோகை முளைக்கத் தொடங்கியிருந்தது. ஒன்றுக்கு வெள்ளை, ஒன்றுக்குச் செம்பழுப்பு. சித்தப்பா கண்ணை எடுக்கவே இல்லை. வழிகாட்டி என்பவர் என்ன செய்ய வேண்டும் என்பது அந்த அரை மணி நேரத்தில் புரிந்தது. அதற்கு அந்தப் பெரியவர் ஒரு காசு வாங்கவில்லை. மத்சாலுவின் கோபுரங்கள் எல்லோருக்கும் திறந்தவை, கட்டணம் இல்லை; அங்கே கூட்டிப் போவதற்காக மட்டும் யாரிடமும் பெரிய தொகை கொடுக்க வேண்டியதில்லை.

கடைசி நாளில் பார்த்த பறவைகளின் பட்டியல் என்று அச்சடித்த தாள் கொடுத்தார்கள். மூவிரல் மரங்கொத்திக்கு டிக் போட்டிருந்தது. குழுவில் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. கசாரி ஆற்று வெள்ளச் சமவெளியில் அந்தி மங்கிய பிறகு ஆண்கள் கூடி ஆடும் 'பெரிய உள்ளான்' என்ற இனத்துக்கும் டிக். அந்த நேரத்தில் நாங்கள் ஒருநாள்கூட அங்கே போகவில்லை. தினமும் ஏழு மணிக்கு விடுதியில் இரவு உணவு. இந்தப் பட்டியலைத்தான் "இந்த ஆண்டு எங்கள் பயணிகள் கண்டவை" என்று போட்டு அடுத்த ஆளை அழைக்கிறார்கள். யாராவது அதை நம்பி பறவை பார்ப்பவர்கள் தங்கள் பதிவுகளைச் சேர்க்கும் இ-பேர்டு போன்ற பொதுத் தளத்தில் பதிந்துவிட்டால், ஆய்வாளர்கள் பயன்படுத்தும் தரவிலும் பொய் கலந்துவிடும். பணம் போனதைவிட இது எனக்கு அதிகம் வலிக்கிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது முதல் பதில் "இயற்கைக்கு நாங்கள் பொறுப்பல்ல". இரண்டாவது பதில் அடுத்த பயணத்துக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி. அதன் பிறகு சட்டத்தைச் சொல்லி எழுதினேன். தங்குமிடமும் போக்குவரத்தும் சேர்த்து விற்கப்படும் பயணம் ஐரோப்பிய ஒன்றியத்தில் தொகுப்புச் சுற்றுலா ஆகும். 2015-இல் வந்து 2018 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, ஒப்பந்தத்தில் சொன்ன சேவை தரப்படாவிட்டால் விலைக் குறைப்புக் கேட்க உரிமை உண்டு. புறப்படும் முன்பே பயணத்தின் முக்கிய அம்சத்தைப் பெரிதாக மாற்றினால், அபராதம் இல்லாமல் ரத்து செய்து முழுப் பணத்தையும் வாங்கலாம். ஒன்று முக்கியம்: குறை தெரிந்தவுடன், பயணம் நடக்கும்போதே, நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். போனில் பேசியதோடு நிறுத்தாமல் அன்றிரவே விடுதியிலிருந்து நான் மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன். பஸ்ஸில் இருந்த கூட்டம், சரிந்த முக்காலி, ஒலிபெருக்கி எல்லாவற்றுக்கும் படம் இருந்தது. அந்த மின்னஞ்சலைக் காட்டிய பிறகுதான் மறைவிடக் கட்டணம் 120 யூரோ இருவருக்கும் திரும்ப வந்தது. மீதிக்கு ஐரோப்பிய நுகர்வோர் மையத்தின் பின்லாந்துக் கிளை வழியாகப் புகார் கொடுத்திருக்கிறேன். ஒன்றிய நாடுகளிலும் நார்வே, ஐஸ்லாந்திலும் வசிப்பவர்களுக்கு அந்தச் சேவை இலவசம். இந்தியாவிலிருந்து நேரே வருபவர்களுக்கு அந்த வழி இல்லை. அவர்கள் கார்டில் பணம் கட்டினால் வங்கி மூலம் அந்தக் கட்டணத்தை மறுத்துப் பணத்தைத் திரும்பக் கேட்கவாவது இடம் இருக்கும். வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பினால் தள்ளுபடி என்று இந்த நிறுவனம் ஆசை காட்டும். அதற்கு இணங்காதீர்கள்.

வேறு எந்த நிறுவனத்தோடு போனாலும், வழிகாட்டியின் பெயரை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். முடிந்தால் அவருக்கே எழுதி உறுதி செய்யுங்கள். காலையில் எத்தனை மணிக்கு எழுப்புவீர்கள் என்று கேளுங்கள். ஏப்ரலில் எட்டு மணிக்குக் காலை உணவு என்று பதில் வந்தால் அவர்களுக்குக் காட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. கேப்பர்கெய்லி என்ற பெரிய காட்டுக்கோழி இனமும் கருங்காட்டுக்கோழியும் கூடும் காட்சியை ஜூன் மாதத்துக்கு விற்கும் பக்கங்களையும் பார்த்தேன். அந்த ஆட்டம் ஏப்ரலிலும் மே தொடக்கத்திலும் உச்சத்தில் இருப்பது, ஜூனில் அதைத் தேடிப் போவது வீண். ஒலிபெருக்கி பயன்படுத்துவீர்களா என்று தவறாமல் கேளுங்கள். நல்ல வழிகாட்டிகள் இந்தக் கேள்வியை வரவேற்பார்கள், கூடுகளுக்கு அருகில் போக மாட்டோம் என்று தாங்களாகவே சொல்வார்கள். எஸ்டோனியாவில் அப்படிப்பட்டவர்கள் நிறையவே இருக்கிறார்கள்.

ஆந்தை, கருங்காட்டுக்கோழி இரண்டு சம்பவங்களையும் இடமும் நேரமும் குறித்து, படங்களோடு எஸ்டோனிய சுற்றுச்சூழல் வாரியத்துக்கு அனுப்பியிருக்கிறேன். அதே பயணத்தில் வந்தவர்கள் யாரிடமாவது ஒலிபெருக்கி ஓடும் காணொளி இருந்தால் தயவுசெய்து அதையும் வாரியத்துக்கு அனுப்புங்கள்.