"1944 வில்லிஸ்" என்று விற்ற ஜீப்: பணம் கொடுக்கும் முன் எங்கே பார்த்திருக்க வேண்டும்

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டக் கொட்டகையில் நின்ற ஒரு ஜீப்பை, "1944 வில்லிஸ், மிலிட்டரி டிஸ்போசல், பாடி முழுசும் ஒரிஜினலுங்க" என்று, இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க ஜீப்பாகச் சொல்லி, குன்னூர்க்காரர் ஒருவர் தலையில் எட்டரை லட்சத்துக்குக் கட்டிவிட்டார்கள். ஆர்சி புத்தகத்தில் 1968 என்று இருக்கிறதே என்று கேட்டதற்கு, "அது ஏலத்துல எடுத்து சிவில்ல பதிவு பண்ணுன வருசமுங்க" என்று பதில் வந்திருக்கிறது. பட்டாளம் கழித்துவிட்ட வண்டிகளில் அப்படி நடப்பதும் உண்டு என்பதால் அவர் நம்பிவிட்டார். ஒரு டார்ச், ஒரு காந்தம், ஒரு அளவு டேப் இருந்தால் அரை மணி நேரத்தில் உடைந்திருக்கும் பொய் இது.

அவரை மயக்கியவை: பச்சைப் பெயிண்ட், பானெட்டில் வெள்ளை நட்சத்திரம், பின்னால் ஜெர்ரி கேன், டேஷ்போர்டில் பித்தளைத் தகடு, ஒன்பது துளை கிரில். இத்தனையும் புதிதாகக் கடையில் கிடைக்கும். தகட்டை வெறுமையாக வாங்கி, எண்ணையும் தேதியையும் நாமே குத்திக்கொள்ளலாம். பிலிப்பைன்ஸிலிருந்து முழு பாடியே புதிதாக வருகிறது.

கிரில்லில் துளை எண்ணுவதோடு நிறுத்துவதுதான் பலரும் செய்யும் தப்பு. போர்க்கால வில்லிஸ் எம்பி (MB) மாடலுக்கும், அதே ஜீப்பை ஃபோர்டு கம்பெனி செய்த ஜிபிடபிள்யூ (GPW) மாடலுக்கும் ஒன்பது துளை, 1945-ல் வந்த சிவில் சிஜே 2ஏவுக்கு ஏழு என்பது சரிதான். 1942 தொடக்கம் வரை வந்த எம்பியில் துளையே கிடையாது. பட்டைக் கம்பிகளை வெல்டிங் வைத்த கிரில். ஆனால் விளக்கைப் பாருங்கள். பட்டாள ஜீப்பின் ஹெட்லைட் சின்னது, கிரில்லுக்கு உள்ளடங்கி இருக்கும். நட்டைத் தளர்த்தி அப்படியே திருப்பினால் எஞ்சின் மேல் வெளிச்சம் அடிக்கும். இந்த வண்டியில் ஒன்பது துளைக்குப் பக்கத்தில் பெரிய சிவில் விளக்கு. முன் கண்ணாடியிலும் அதே கதை: எம்பிக்கு நடுக்கம்பி வைத்த இரட்டைக் கண்ணாடி, இதிலோ கீழே காற்றுத் திறப்புள்ள ஒற்றைக் கண்ணாடி.

அடுத்து பின்பக்கம். எம்பிக்குத் திறக்கும் பின்கதவு இல்லை. பின்தகரம் ஒரே பலகை, ஸ்டெப்னியும் ஜெர்ரி கேனும் அதில்தான் தொங்கும். பின் மூலைகள் இரண்டிலும் மூடி போட்ட டூல் பாக்ஸ் இருக்கும். இங்கே டூல் பாக்ஸே இல்லை. பின்கதவை மூடி வெல்டிங் அடித்து, பட்டி பூசித் தேய்த்திருந்தார்கள். கம்பெனி ஸ்பாட் வெல்டிங் சின்னச் சின்ன வட்டக் குழியாக, ஏறக்குறைய ஒரே இடைவெளியில் தெரியும். கேஸ் வெல்டிங் உள்பக்கத்தில் புழு நெளிந்த மாதிரி இருக்கும். வெளியே எவ்வளவு பட்டி பூசினாலும் உள்பக்கத்தைத் தேய்க்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை.

டிரைவர் சீட்டைத் தூக்குங்கள். எம்பியின் பெட்ரோல் மூடி சீட்டுக்கு அடியில். டேங்க் உட்காரத் தரைத் தகரமே தொட்டி போலக் கீழே இறங்கியிருக்கும். ஒட்டுவேலைக்காரர்கள் பெரும்பாலும் தட்டைத் தகரத்தோடு விட்டுவிடுவது இந்த இடத்தைத்தான். சிஜே வண்டிகளுக்கு மூடி வெளித்தகரத்தில் வரும். இந்த ஜீப்பின் பக்கவாட்டில் மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை நகர்த்தியபோது, கையகல இடத்தில் பிடிக்காமல் வழுக்கியது. அதுதான் பட்டி பூசி அடைத்த பெட்ரோல் மூடித் துளை.

பிறகு வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும், சட்டை போனாலும் பரவாயில்லை. பழைய பாடியில் தரைக்குக் கீழே ஓடும் தொப்பி வடிவ சேனலுக்குள் மரச் சட்டம் வைத்திருப்பார்கள். மரம் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், சேனல் உள்ளிருந்து துருப்பிடிக்கும். வடிகால் துளைகளை சில்வர் ஓக் சருகு அடைத்துக்கொள்ளும் நம் மலை மூடுபனியில், எண்பது வருட வண்டியின் அந்தச் சேனல் வழவழவென்று இருந்தால் அது புதுத் தகரம். மாற்றினது குற்றமில்லை, ஒரிஜினல் என்று விலை சொல்வதுதான் குற்றம்.

சேஸிஸ் நீளத்தை நம்பாதீர்கள். எம்பி, சிஜே 2ஏ, சிஜே 3ஏ, சிஜே 3பி எல்லாவற்றுக்கும் வீல்பேஸ் 80 அங்குலம்தான். ரேடியேட்டருக்குக் கீழே முன் குறுக்குச் சட்டத்தைப் பாருங்கள்: வில்லிஸ் எம்பிக்கு உருண்டைக் குழாய், ஃபோர்டுக்குக் கவிழ்த்த 'ப' வடிவம். ஃபோர்டு பாகங்களிலும் போல்ட் தலைகளிலும் 'எஃப்' எழுத்து இருக்கும். அதுவும் இப்போது புதிதாக வார்த்து வருகிறது. இங்கே குழாய் இல்லை. அதோடு, போர்க்கால ஜீப் எல்லாமே இடப்பக்க ஸ்டீரிங். "துரை காலத்துல வலப்பக்கம் மாத்தினதுங்க" என்றார்களாம். மாற்றியிருந்தால் இடப்பக்கச் சட்டத்தில் ஸ்டீரிங் பாக்ஸ் இருந்த தடம் எங்கே?

கடைசியில் சேஸிஸ் எண்ணைப் பென்சில் பிரிண்ட் எடுத்து ஆர்சியோடு ஒப்பிட்டதில், அது இந்தியாவில் மகிந்திரா தயாரித்த சிவில் ஜீப்பான 1968 சிஜே 3பி என்றே முடிந்தது. அந்த மாடல் அமெரிக்காவிலேயே 1953-ல்தான் வந்தது. இன்லெட் வால்வு மேலே உள்ள உயரமான ஹரிகேன் எஞ்சினுக்காக அதன் பானெட்டை உயர்த்தினார்கள்; விற்றவர்கள் அதை வெட்டித் தாழ்த்தியிருக்கிறார்கள். ஏர் கிளீனர் குழாய் நசுங்கிக் கிடந்ததும் அதனால்தான்.

இதில் இன்னொரு நட்டமும் உண்டு. பழங்கால (விண்டேஜ்) வண்டிகளுக்கான 2021 விதிப்படி 50 வருடம் தாண்டி, சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இல்லாத வண்டிக்குத்தான் 'விஏ' வரிசை எண்ணும் 10 வருடப் பதிவும் கிடைக்கும். கைவைக்காமல் விட்டிருந்தால் இந்த சிஜே 3பி வயதுக் கணக்கில் தேறியிருக்கும்.

வண்டியை மறுபடி சிஜே 3பியாகவே ஆக்கும் டிங்கரிங் வேலை இப்போது தொடங்கியிருக்கிறது. பட்டியைச் சுரண்டியதும் பின்கதவுக் கீல்களின் பழைய போல்ட் துளைகள் அப்படியே வெளிவந்தன. பழைய மகிந்திராக் கீல் அவற்றில் சரியாக உட்கார்ந்தது.