அபராதமா, லைசென்ஸா, வண்டிச் சாவியா: அதிவேகப் பிள்ளைகளிடம் எதைப் பறிப்பது?

என் மகனுக்கு 19 வயது. 80 கி.மீ. வேக வரம்பு உள்ள சாலையில் 140-இல் போய் மாட்டினான். ஒரு தடவை இல்லை, ஐந்து மாத இடைவெளியில் இரண்டு தடவை. முதல் தடவை கேமராவில் பதிவாகி அபராதம் வந்தது. இரண்டாம் தடவை சாலையிலேயே நிறுத்தி, வண்டியை 14 நாள் பிடித்து வைத்துவிட்டார்கள். பையனும் அதே பையன், வேகமும் கிட்டத்தட்ட அதே வேகம், தண்டனை மட்டும் வேறு. இரண்டும் அவனை என்ன செய்தன என்று கூடவே இருந்து பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன். என் பக்கம் எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வண்டியைப் பிடித்து வைப்பதுதான் சரி.

வேகம் ஆபத்து என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆனால் “கொஞ்சம் வேகமாப் போயிட்டான், விடு” என்று உறவினர்கள் சமாதானம் சொன்னபோது ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினேன். காய்ந்த சாலை, நல்ல பிரேக், ஒரே நொடியில் சுதாரித்துக்கொள்ளும் ஓட்டுநர் என்று வைத்துக்கொள்வோம். 80-இல் வரும் கார் சுமார் 58 மீட்டரில் நின்றுவிடும். 140-இல் வரும் கார் நிற்க ஏறக்குறைய 150 மீட்டர் வேண்டும். முதல் கார் முழுசாக நின்றுவிட்ட அதே இடத்தில், இரண்டாவது கார் இன்னும் 125-க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் ஒரு குழந்தை நின்றால் என்ன ஆகும் என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. உலகம் முழுவதும் 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் சாவுக்கு முதல் காரணம் சாலை விபத்துதான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதனால் பத்து கி.மீ. கூடுதலாகப் போனவருக்கும் அறுபது கி.மீ. கூடுதலாகப் போனவருக்கும் ஒரே வகைத் தண்டனை கொடுத்து, தொகையை மட்டும் ஏற்றுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

சரி, அபராதத்துக்கு வருகிறேன். கார் என் பெயரில் இருக்கிறது, அதனால் நோட்டீஸும் என் பெயருக்குத்தான் வந்தது. பணத்தைக் கட்டியதும் நான்தான். பின்லாந்தில் பெரிய வேக மீறலுக்கு வருமானத்தைப் பார்த்து அபராதம் போடுகிறார்கள். 2023-இல் 50 கி.மீ. வேக வரம்பு உள்ள பகுதியில் 82-இல் போன ஒரு பணக்காரர் 1,21,000 யூரோ கட்ட வேண்டி வந்தது. பணக்காரருக்கும் உறைக்க வேண்டும் என்ற வகையில் அது நியாயம். சம்பளமே இல்லாத மாணவனிடம் அந்தக் கணக்கு எடுபடாது. தொகை குறைந்துவிடும், அதையும் வீட்டில் யாராவது கட்டிவிடுவார்கள்.

ஆனால் யார் கட்டினார்கள் என்பதைவிட என்னை உலுக்கியது வேறு ஒன்று. அந்த நோட்டீஸ் வர 41 நாள் ஆனது. அதற்குள் அவன் அதே சாலையில் குறைந்தது அறுபது தடவையாவது போய்வந்திருப்பான். அதில் எத்தனை தடவை 140 என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் பத்திரமாக வீடு திரும்பினான், யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த 41 நாளும் சாலை அவனுக்கு ஒரே பாடத்தைத்தான் சொல்லிக்கொடுத்தது: இப்படி ஓட்டினால் ஒன்றும் ஆகாது. கடைசியில் கடிதம் வந்தபோது தேதியைப் பார்த்துவிட்டு, “இது எந்த நாள்மா?” என்று கேட்டான். நடிக்கவில்லை, உண்மையாகவே அவனுக்கு நினைவில்லை. தான் எதற்காகத் தண்டிக்கப்படுகிறோம் என்பதே நினைவில்லாதவனிடம் அந்தத் தொகை பெரிதா சிறிதா என்று பேசி என்ன பயன்? மாதக் கடைசியில் வரும் கரண்ட் பில் மாதிரி அதுவும் ஒன்றாகிவிட்டது.

அன்றிலிருந்து எந்தத் தண்டனையைப் பற்றிக் கேட்டாலும் எனக்கு முதலில் தோன்றும் கேள்வி, தப்புக்கும் தண்டனைக்கும் நடுவே எத்தனை நாள் என்பதுதான். இந்தியாவில் 2019 சட்டத் திருத்தப்படி, 18 வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறை, வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து, ஓட்டியவருக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. கடுமையான சட்டம்தான். ஆனால் 16 வயதுப் பிள்ளைக்கு 25 வயது என்பது கண்ணுக்கே எட்டாத தூரம்.

லைசென்ஸைப் பறிப்பது அபராதத்தைவிட எவ்வளவோ மேல். பிரிட்டனில் லைசென்ஸ் வாங்கிய முதல் இரண்டு ஆண்டுக்குள், விதிமீறலுக்குப் போடும் குற்றப் புள்ளிகள் ஆறு சேர்ந்தால் லைசென்ஸ் ரத்து. எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு இரண்டையும் மறுபடி எழுதித் தேற வேண்டும். ‘நீ இன்னும் கற்றுக்கொள்ளவில்லை, முதலிலிருந்து வா’ என்று சொல்லும் அந்த முறை எனக்குப் பிடிக்கிறது. குறை என்னவென்றால், அட்டை போனாலும் வண்டி வாசலில்தான் நிற்கும், சாவி ஆணியில்தான் தொங்கும். ஓட்டுகிறவரிடம் லைசென்ஸ் இருக்கிறதா இல்லையா என்பது எதிரே வருகிறவருக்குத் தெரியாது.

சிறை பற்றி என் அனுபவத்தில் சொல்ல ஒன்றுமில்லை. சுவிட்சர்லாந்தில் 2013 முதல், 50 கி.மீ. பகுதியில் 100-ஐத் தொட்டாலே குறைந்தது ஓராண்டு சிறை என்று சட்டம் இருந்தது. 2023 அக்டோபரில் பழைய குற்றம் இல்லாதவர்களுக்கு அதைக் குறைக்க நீதிபதிகளுக்கு இடம் கொடுத்தார்கள். யாருக்கும் அடிபடாத வழக்கில் 19 வயதுப் பையனைச் சிறைக்கு அனுப்ப என் மனம் ஒப்பவில்லை. தாய் என்பதால் அப்படித் தோன்றுகிறதோ என்னவோ.

இப்போது வண்டி. கனடாவின் ஒன்டாரியோவில் வேக வரம்பு 80 கி.மீ.க்குக் குறைவாக உள்ள சாலையில் வரம்பைவிட 40, மற்ற சாலையில் 50 கூடுதலாகப் போனால், நிறுத்திய இடத்திலேயே வண்டி 14 நாளுக்கும் லைசென்ஸ் 30 நாளுக்கும் போய்விடும். வண்டி யாருடையது என்று பார்ப்பதில்லை. ஆஸ்திரியாவில் 2024 மார்ச் முதல் வரம்பைவிட ஊருக்குள் 60, வெளியே 70-க்கு மேல் கூடினால் வண்டியை அங்கேயே பிடித்துக்கொள்கிறார்கள்.

எங்களுக்கு நடந்ததும் அப்படித்தான். இரவு பத்தரை மணிக்குப் போன் வந்தது. “அம்மா, வண்டியை எடுத்துட்டுப் போறாங்க.” குரல் உடைந்திருந்தது. சாலையோரம் நின்று, கார் லாரியில் ஏற்றப்படுவதைக் கடைசி வரை பார்த்திருக்கிறான். 140-இல் போய் இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது. இதுவரை அவன் ஒரு தடவைகூட “எந்த நாள்?” என்று கேட்கவில்லை.

அடுத்த 14 நாளும் விடியற்காலையில் எழுந்து பஸ் பிடித்தான். அவன் தங்கையும் பஸ்ஸில்தான் போனாள், நானும்தான். தப்பு செய்யாத குடும்பத்தையும் சேர்த்துத் தண்டிக்கிறது என்ற குறை உண்மை, அனுபவித்தோம். ஆனால் தங்கை மழையில் நனைந்துகொண்டு வந்து நின்ற அன்று அவன் முகத்தைப் பார்த்தேன். நான் கட்டிய அபராதம் அந்த முகத்தில் ஒரு கோடுகூடப் போட்டதில்லை. வண்டியை மீட்க ஆன செலவை அவனே பகுதிநேர வேலைப் பணத்திலிருந்து கொடுத்தான். என் தம்பி தன் காரைத் தருவதாகச் சொன்னபோது வேண்டாம் என்றேன். அதை வாங்கியிருந்தால் எல்லாமே வீணாகியிருக்கும்.

எனக்கே தெளிவில்லாத இடங்களும் உண்டு. வண்டியை நம்பிப் பிழைப்பு நடத்தும் இளைஞனுக்கு 14 நாள் என்பது அரை மாதச் சோறு. அந்த வீட்டில் நான் வாழ்ந்ததில்லை, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். டென்மார்க்கில் 2021 முதல் 200-க்கு மேலோ, நூறைத் தாண்டி வரம்பின் இரு மடங்குக்கு மேலோ போனால் வண்டி நிரந்தரமாகப் போய்விடும், அது அடுத்தவருடையதாக இருந்தாலும். அன்றுதான் வாங்கிய லம்போர்கினியில் 236-இல் போன ஒருவர் அங்கே அதை இழந்தார். அவ்வளவு தூரம் போக எனக்குத் தயக்கம். ஆஸ்திரியாவில் அடுத்தவர் வண்டியை நிரந்தரமாகப் பறிப்பதில்லை. பறிக்க வேண்டிய அளவு வேகமாக ஓட்டியவர் அந்த வண்டியை இனி வாழ்நாள் முழுவதும் ஓட்டக் கூடாது என்கிறார்கள். அது நியாயமாகப் படுகிறது.

14 நாள் முடிந்து கார் வீட்டுக்கு வந்தது. சாவியை உடனே கொடுக்கவில்லை, இன்னும் மூன்று மாதம் என்றேன். சண்டை போடுவான் என்று நினைத்தேன், போடவில்லை. அடுத்த மாதம் அந்தக் கெடு முடிகிறது. அப்புறம் ஒரு மாதத்துக்கு அவன் ஓட்டும்போதெல்லாம் பக்கத்து இருக்கையில் நான் இருப்பேன் என்று பேசி வைத்திருக்கிறோம்.