ஸ்படிக உருண்டை வாங்கப் போகிறீர்களா? எங்கள் வீட்டில் நடந்ததைப் படித்துவிட்டுப் போங்கள்

போன மாசி மாதம் மதுரையில் ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்று நாள் ரத்தினக்கல் கண்காட்சி போட்டிருந்தார்கள். அங்கே 60 மில்லிமீட்டர் ஸ்படிக உருண்டை ஒன்றை 8,500 ரூபாய் கொடுத்து அம்மாவுக்கு வாங்கித் தந்தேன். அது ஸ்படிகம் இல்லை, கண்ணாடி. பணம் திரும்பக் கிடைக்கவில்லை, இனிக் கிடைக்கும் என்றும் தோன்றவில்லை. விற்ற ஆள் எங்களிடம் செய்து காட்டிய அதே 'சோதனை'களை வேறு ஊர்களிலும் செய்துகாட்டி விற்றுக்கொண்டிருப்பான் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அம்மாவுக்கு ஸ்படிகத்தின் மேல் ஆசை வந்தது ராமேஸ்வரத்தில். தை அமாவாசையை ஒட்டிப் போயிருந்தோம். விடியற்காலை ஐந்து மணிக்கு ஸ்படிக லிங்க தரிசனம். அந்த இருட்டில், தீப வெளிச்சம் லிங்கத்துக்குள் புகுந்து வருவதைப் பார்த்துவிட்டு வெளியே வந்த அம்மா ரொம்ப நேரம் பேசவே இல்லை. ஊர் திரும்பியதும், "வீட்டுலயும் சின்னதா ஒண்ணு வெச்சுக்கலாமா?" என்று கேட்டார். லிங்கம் வைத்தால் தினமும் அபிஷேகம், நைவேத்தியம் என்று முறையாகச் செய்ய வேண்டும், முட்டி வலியோடு அது முடியாது என்று தெருவில் ஒரு பெரியவர் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு முகம் வாடிப் போயிற்று.

இதையெல்லாம் கண்காட்சியில் அந்த ஆளிடம் அம்மாவே சொல்லிவிட்டார். நெற்றி நிறைய விபூதி, பேச்சில் அவ்வளவு மரியாதை. "லிங்கம் வேண்டாம்மா, உருண்டை வையுங்க. அதுக்கு நியமம் கிடையாது. வெள்ளிக்கிழமை பன்னீர் தெளிச்சா போதும். சிதம்பரத்துல தினமும் அபிஷேகம் நடக்குற லிங்கமும் இதே ஸ்படிகம்தான்மா" என்றான். சிதம்பரத்தில் ஸ்படிக லிங்கத்துக்குத் தினமும் அபிஷேகம் நடப்பது உண்மைதான். அந்த உண்மையை ஒரு கண்ணாடி உருண்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பேசினானே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நான் சும்மா நம்பிவிடவில்லை. "ஒரிஜினல்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?" என்று கேட்டேன். அவன் அதற்குத் தயாராகத்தான் இருந்தான். முதலில் உருண்டையை அம்மாவின் கன்னத்தில் வைத்தான். ஜில்லென்று இருந்தது. அப்புறம் ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, "எதிர்ல இருக்கிற மரம் தலைகீழாத் தெரியுதா? ஒரிஜினல்ல மட்டும்தான் இப்படித் தெரியும்" என்றான். தெரிந்தது. போன் டார்ச்சை உள்ளே அடித்து, "ஒரு குமிழ் இருக்கா பாருங்க, கண்ணாடின்னா குமிழ் இருக்கும்" என்றான். தேடிப் பார்த்தேன், ஒன்றுகூட இல்லை. கடைசியாக ஹாலோகிராம் ஒட்டிய ஒரு சர்ட்டிபிகேட் கார்டையும் எடுத்துக் கொடுத்தான். நாங்கள் கிளம்பிவிட்டோம்.

பூஜை அலமாரிக்கு எதிரே எங்களுக்குக் கிழக்குப் பார்த்த ஜன்னல். பத்து நாள் இருக்கும், உருண்டைக்கு அடியில் விரித்திருந்த பட்டுத் துண்டில் ஒரு மிளகு அளவு கருகிய ஓட்டை. அம்மா பயந்துவிட்டார். அந்த ஆளுக்குப் போன் செய்தேன். "பவர் ஏறியிருக்கு மேடம், நல்ல சகுனம்" என்றான். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: ஸ்படிகமோ கண்ணாடியோ, தெளிவான உருண்டை எதுவானாலும் பூதக்கண்ணாடி மாதிரி வெயிலைக் குவிக்கும். எங்கள் உருண்டையின் பின்பக்கத்திலிருந்து ஒன்றரை சென்டிமீட்டருக்குள்ளேயே வெயில் ஒரு புள்ளியாகக் கூடுகிறது. அந்த இடத்தில் துணியோ காகிதமோ இருந்தால் தீப்பிடிக்கலாம். வீட்டில் உருண்டை வைத்திருப்பவர்கள் வெயில் படாத இடத்துக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் வெளிச்சம் புகாத கெட்டித் துணி போட்டு மூடி வையுங்கள்.

உண்மை தெரிந்தது பங்குனியில், திருச்சியிலிருந்து மாமா வந்தபோது. அம்மாவின் தம்பி. முப்பது வருடமாகச் செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டுகிறவர். திருச்சியில் அது ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு நடந்த தொழில். சாமி கும்பிடப் போனவர் உருண்டையைக் கையில் எடுத்தார், ஒரு நிமிடம் பார்த்தார், அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். "பாப்பா, எவ்வளவு கொடுத்த?" என்று கேட்டார். சொன்னேன். "ஒரு வெள்ளைத் தாள் எடுத்துட்டு வா."

என் தலையிலிருந்தே ஒரு முடியைப் பிடுங்கித் தாள்மேல் நீட்டி வைத்து, அதன்மேல் உருண்டையை வைத்தார். மேலிருந்து நேராகப் பார்க்கச் சொன்னார். முடி பெரிதாக, தெளிவாக, ஒற்றைக் கோடாகத் தெரிந்தது. "இப்ப மெதுவா உருட்டிக்கிட்டே பாரு." எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒற்றைக் கோடுதான்.

அப்புறம் பையிலிருந்து துணியில் சுற்றிய ஒரு கல்லை எடுத்தார். எலுமிச்சம்பழ அளவு, உருட்டித் தேய்த்தது. உள்ளே ஓர் ஓரத்தில் மேகம் படிந்த மாதிரி மெல்லிய வெண்திரை. தஞ்சாவூர் பக்கத்து வல்லத்தில் எடுத்த கல் அது. அந்தக் காலத்தில் வல்லத்துக் கல்லைத் தேய்த்துத்தான் மூக்குக் கண்ணாடிக்குச் சில்லு போட்டார்களாம். தொழில் கற்றுக்கொடுத்தவர் தந்தது என்று எங்கே போனாலும் கூடவே வைத்திருக்கிறார். அதை முடிமேல் வைத்தார். முதலில் ஒற்றைக் கோடு. கொஞ்சம் திருப்பியதும் அந்தக் கோடு இரண்டாகப் பிரிந்தது! இன்னும் திருப்பினால் சேர்ந்தது, மறுபடி பிரிந்தது.

காரணம் எளிமையானது. ஸ்படிகம் என்பது குவார்ட்ஸ். அதற்குள் அணுக்கள் ஓர் ஒழுங்கில் அடுக்கி நிற்கின்றன. அதில் நுழையும் ஒளி இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் கொஞ்சம் வேறு வழியில் போகிறது. கண்ணாடியில் அந்த அடுக்கே கிடையாது, அதனால் பிரிவும் கிடையாது. ஸ்படிகத்திலும் ஒரு சில திசைகளில் பிரிவு தெரியாது. அதனால்தான் உருட்டி உருட்டிப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

மாமா அதோடு விடவில்லை. "நாளைக்கு அவன்கிட்ட பேசணும்னா நம்பர் வேணும்" என்று சமையலறைத் தராசை எடுத்துவைக்கச் சொன்னார். உருண்டை 284 கிராம். அப்புறம் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கினார். உருண்டையைப் பூ கட்டும் நூலால் உறி மாதிரி பின்னி, பாத்திரத்தின் அடியிலோ பக்கத்திலோ படாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிட்டார். தராசு 113 காட்டியது, அது உருண்டை அளவுள்ள தண்ணீரின் எடை. 284-ஐ 113-ஆல் வகுத்தால் 2.51, அதாவது தண்ணீரைவிட அத்தனை மடங்கு கனம். தூய குவார்ட்ஸ் எந்த ஊர்க் கல்லானாலும் 2.65 வரும். அதாவது இதே அளவு நிஜ ஸ்படிகம் கிட்டத்தட்ட 300 கிராம் இருந்திருக்க வேண்டும். ஈயம் கலந்த பளபளப்புக் கண்ணாடியாக இருந்தால் 3-ஐ ஒட்டியோ அதற்கு மேலேயோ போகும். குவார்ட்ஸையே உருக்கி வார்த்து 'குவார்ட்ஸ்தான்' என்று விற்கும் பண்டமும் உண்டு. உருக்கிய பிறகு அதுவும் கண்ணாடிதான், இந்த எண் 2.2-க்கு இறங்கிவிடும். லிங்கம், பிள்ளையார் மாதிரி வடிவங்களில் முடிச் சோதனை சரியாக வராது. அவற்றுக்கு இந்தத் தண்ணீர்ச் சோதனைதான் கைகொடுக்கும். தராசு கிராம் கணக்கில் துல்லியமாகக் காட்ட வேண்டும், கல்லில் காற்றுக் குமிழ் ஒட்டியிருக்கக் கூடாது.

அந்த ஆள் செய்துகாட்டியதையெல்லாம் மாமாவிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன், அவர் ஒவ்வொன்றையும் விளக்கினார். ஏசி மண்டபத்தில் காலையிலிருந்து கிடந்த கண்ணாடியும் ஜில்லென்றுதான் இருக்கும். ஸ்படிகம் சூட்டைக் கண்ணாடியைவிடப் பல மடங்கு வேகமாகக் கடத்துகிறது, அதனால் கையில் பிடித்தால் குளிர்ச்சி அதிக நேரம் நிற்கும், அது சரிதான். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் வித்தியாசம் தெரியும். தலைகீழாகத் தெரிவது உருண்டை வடிவத்தின் வேலை. தண்ணீர் நிரப்பிய உருண்டைக் குடுவையிலும் அப்படித்தான் தெரியும். குமிழ் விஷயம்தான் ரொம்ப மோசம். வட்டமான குமிழ் இருந்தால் கண்ணாடி என்பது உண்மை. குமிழ் இல்லை என்பதால் மட்டும் அது கல்லாகிவிடாது, ஏனென்றால் லென்ஸ் செய்கிற கண்ணாடியில் இப்போதெல்லாம் குமிழே வருவதில்லை. பூமியில் விளைந்த கல்லில்தான் திரை, இறகு மாதிரிக் கீறல், ஊசி மாதிரி இழை என்று பெரும்பாலும் ஏதாவது ஒன்று இருக்கும். மாசே இல்லாத பெரிய ஸ்படிக உருண்டை எவ்வளவு அபூர்வம் என்றால், 48 கிலோ எடையுள்ள ஒன்றை வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். எங்களுக்குக் கிடைத்ததோ துளி மாசு இல்லாத உருண்டை, அதுவும் 8,500 ரூபாய்க்கு. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கார்டை மாமா லென்ஸ் வைத்துப் படித்தார். கீழே பொடி எழுத்தில் 'கே9 கிரிஸ்டல்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. கே9 என்பது ஒருவகைக் கண்ணாடியின் பெயர். லென்ஸுக்கும், ஆண்டு விழாக்களில் கொடுக்கிற பளபளப்பான கேடயங்களுக்கும் பயன்படுவது. பில்லிலும் 'கிரிஸ்டல் பால் 60எம்எம்' என்றுதான் இருந்தது. இந்த 'கிரிஸ்டல்' என்ற ஒரு சொல்லில்தான் மொத்த ஏமாற்றும் ஒளிந்திருக்கிறது. நாம் அதை ஸ்படிகம் என்று புரிந்துகொள்கிறோம். வியாபாரத்தில் நல்ல பளபளப்பான கண்ணாடிக்கும் அதுதான் பெயர். வாயால் 'ஸ்படிகம்' என்பான், எழுத்தில் 'கிரிஸ்டல்' என்று போடுவான். எனவே பில்லில் 'இயற்கை குவார்ட்ஸ்' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

மறுநாள் போன் செய்தேன். "பில்லுல கிரிஸ்டல்னுதானே மேடம் போட்டிருக்கோம், நேச்சுரல்னு போட்டிருக்கோமா?" என்று அவனே கேட்டான். அதற்கப்புறம் என் எண்ணை பிளாக் செய்துவிட்டான். கார்டில் இருந்த கியூஆர் கோடு எந்தப் பரிசோதனைக் கூடத்துக்கும் போகவில்லை, அவனுடைய விற்பனைப் பக்கத்துக்கே போனது. பில்லில் ஜிஎஸ்டி எண் இல்லை, முகவரியும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன், விற்றவரின் முகவரியைக் கேட்டார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம், 5 லட்சம் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம்கூடக் கிடையாது. ஆனால் நோட்டீஸ் அனுப்ப ஒரு முகவரி வேண்டுமே! மண்டபத்தில் கேட்டால், ஸ்டால் எடுத்தவர்கள் விவரம் ஏற்பாட்டாளரிடம்தான் இருக்கும் என்கிறார்கள். ஏற்பாட்டாளர் போனை எடுப்பதில்லை. அதனால் பணம் கொடுப்பதற்கு முன்பே முகவரியும் ஜிஎஸ்டி எண்ணும் உள்ள பில்லைக் கேட்டு வாங்குங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். முடிச் சோதனையும் தண்ணீர்ச் சோதனையும் கண்ணாடியைக் காட்டிக்கொடுக்கும், ஆய்வகத்தில் வளர்த்த குவார்ட்ஸைக் காட்டிக்கொடுக்காது. கைக்கடிகாரத்துக்கும் மின்னணுச் சாதனங்களுக்கும் அழுத்தக் கொப்பரையில் வளர்க்கிறார்களே, அந்தக் கல்லும் இரண்டாகப் பிரிக்கும், 2.65-உம் காட்டும். பெரிய தொகை கொடுத்து இயற்கைக் கல்தான் வேண்டும் என்பவர்கள் நீங்களே ஒரு நல்ல ரத்தினக்கல் பரிசோதனைக் கூடத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துப் பாருங்கள். விற்பவன் நீட்டும் கார்டு வேண்டாம். மாமா இதைச் சொல்லும்போது குரலே மாறிவிட்டது. "நாங்க வாழ்நாள் பூரா செயற்கைக் கல்லுதான் அறுக்கிறோம். ஒருநாளும் அதை வைரம்னு சொல்லி வித்ததில்ல."

அம்மாவிடம் அன்று சாயங்காலம்தான் சொன்னோம். உருண்டையை எடுத்து ஷோகேசில் வைத்துவிட்டார். பாட்டி காலத்து ஸ்படிக மாலை ஒன்று அம்மாவிடம் இருக்கிறது. அதையும் தண்ணீரில் போட்டுப் பார்க்கலாமா என்று மாமா கேட்டார். அம்மா கழுத்தில் கைவைத்துக்கொண்டு, "அது வேண்டாம்டா" என்று சொல்லிவிட்டார். நாங்களும் வற்புறுத்தவில்லை.

நேற்று வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் வந்தது. அடுத்த மாதம் திண்டுக்கல்லில் மூன்று நாள், அனுமதி இலவசம். எங்களுக்கு உருண்டை விற்ற அதே ஆள், அதே மேஜை விரிப்பு, படத்தில் நன்றாகவே தெரிகிறது. போகிறவர்கள் ஒரு வெள்ளைத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். முடி உங்கள் தலையிலேயே இருக்கிறது.