மணலும் உவர்ச்சேறும்: மனுவல் கியரா, ஒட்டோ கியரா? இரண்டு டபுள்கப் ஓட்டிய அனுபவம்

பிக்கப் வாகனத்துக்கு மனுவல் கியர் நல்லதா, ஒட்டோ கியர் நல்லதா என்ற விவாதம் பெரும்பாலும் மலைப்பாதையையும் பாறைத் தடத்தையும் மனத்தில் வைத்தே நடக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஏறுவதற்கு மலையில்லை. வலிகாமத்துச் செம்மண் ஒழுங்கைகளுக்குச் சாதாரணக் காரே போதும். போர்வீல், அதாவது நான்கு சில்லுகளுக்கும் விசை போகும் இழுவை, உண்மையாகத் தேவைப்படுவது மணற்காட்டு மணல்மேடுகளில் தொடங்கி நாகர்கோவில், மருதங்கேணி, கட்டைக்காடு வழியாகச் சுண்டிக்குளம் வரை நீளும் கடற்கரை மணலிலும், கடனீரேரி ஓரத்து உவர்ச்சேற்றிலும், மாரி காலத்தில் பூநகரி வயல்வெளிப் பாதைகளிலும்தான். ஆகவே நான் இங்கே எழுதுவது இந்த நிலத்துக்கான தீர்ப்பு. மலைநாட்டில் இருப்பவர் இதை அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

படகு இயந்திரங்களும் நீரிறைக்கும் இயந்திரங்களும் திருத்துவது எனது தொழில். பழுதான வெளியிணைப்பு இயந்திரத்தைக் கரையில் உள்ள மீனவர் வாடியிலிருந்து ஏற்றி வருவதும், திருத்தியதைத் திருப்பிக் கொண்டுபோய்ப் பூட்டிக் கொடுப்பதும் வழமையான வேலை. முதலில் பல வருடங்கள் ஐந்து கியர் மனுவல் டபுள்கப் (இரண்டு வரிசை ஆசனமுள்ள பிக்கப்) ஒன்றை ஓட்டினேன். இப்போது ஆறு கியர் ஒட்டோ ஒன்றை ஓட்டுகிறேன். இரண்டும் ஜப்பானிய டீசல் வாகனங்கள். ஒப்பிட வந்தது கியரை என்பதால் நிறுவனப் பெயர்களை விட்டுவிடுகிறேன்.

மணலில் மனுவல் கியருக்கு உள்ள சிக்கல் பலர் நினைப்பதுபோலச் சாரதியின் திறமைக் குறைவால் வருவதன்று. பதமான கியர் ஒன்று அதில் அமையாததே காரணம். வழமையான ஓட்டத்துக்குரிய ஹை விகிதத்தில் இரண்டாவது கியரைப் போட்டுப் புறப்பட்டால், இளகிய மணலுக்குள் புதைந்து நிற்கும் சில்லுகளை அசைப்பதற்குக் கிளச்சை அரைவாசியில் பிடித்து அரைக்க வேண்டியிருக்கிறது. இரண்டு இயந்திரங்களும் திருத்தும் கருவிகளின் பெட்டியும் பின்னால் இருந்தால் அந்த அரைப்பு இன்னும் நீளும், கிளச் எரியும் மணமும் வந்துவிடும். இதைத் தவிர்க்க, வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் லோ விகிதத்துக்கு மாறினால் வாகனம் அழகாகப் புறப்படுகிறது. ஆனால் சில மீற்றர் போனதுமே இயந்திரம் உச்சச் சுழற்சிக்கு ஏறி அடுத்த கியரைக் கேட்கிறது. தார் வீதியில் கியர் மாற்றக் கிளச்சை மிதிக்கும் அந்தக் கணத்தில் வாகனம் தன்பாட்டில் உருண்டுகொண்டிருக்கும். மணலில் அப்படி உருளாது, நான்கு சில்லுகளின் முன்னாலும் குவியும் மணல் அந்தக் கணத்திலேயே பிறேக் போட்டதுபோல் இழுத்து நிறுத்திவிடும். மூன்றாவது கியர் விழும்போது வேகம் செத்திருக்கும். மீண்டும் இரண்டாவது, மீண்டும் கிளச் அரைப்பு. கரைவலை இழுக்கும் உழவு இயந்திரங்கள் கிளறிவிட்ட இடமென்றால் நிலைமை இன்னும் மோசம்.

கட்டைக்காட்டுப் பக்கம் இப்படி நின்றுபோகும் வேளைகளில் வாடியிலிருந்து ஓடிவரும் பெடியள் சொல்வது எப்போதும் ஒரே வசனம்தான்: "அண்ணை, இனி மிதியாதேங்கோ, காத்தைத் திறந்து விடுங்கோ!" அவர்கள் சொல்வதே சரி. சதுர அங்குலத்துக்கு 30 றாத்தலுக்கு மேல் இருக்கும் காற்றை 18 அளவுக்கு இறக்கினால் ரயர் நீளவாக்கில் தட்டையாகி மணலின் மேல் மிதக்கத் தொடங்குகிறது. எந்தக் கியர் வாகனமாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது இதுதான். காற்று இறக்கச் சோம்பல்பட்டு, கியரில் குறை சொல்பவர்களின் பேச்சை நான் கணக்கில் எடுப்பதில்லை. திரும்பித் தார் வீதிக்கு ஏறியதும் காற்றை நிரப்பிவிட வேண்டும் என்பதால் பற்றரியில் இயங்கும் சிறிய காற்றுப் பம்ப் ஒன்று ஆசனத்தின் கீழ் எப்போதும் இருக்கிறது.

காற்று இறக்கிய பிறகும் இரண்டு வாகனங்களுக்கும் இடையில் மணலில் தெரியும் வித்தியாசம் பெரியது. ஒட்டோ கியரில் இயந்திரத்துக்கும் கியர்ப் பெட்டிக்கும் நடுவே கிளச்சுக்குப் பதிலாக டோர்க் கன்வேர்ட்டர் இருக்கிறது. இயந்திரப் பக்கத்துச் சில்லு ஒயிலை வீசியடிக்க, அந்த ஒயிலின் வேகத்தில் பெட்டிப் பக்கத்துச் சில்லு சுழல்கிறது. இடையில் உலோகத்தோடு உலோகம் உரசுவதில்லை. வாகனம் நிற்கும் நிலையிலிருந்து புறப்படும்போது இந்த அமைப்பு முறுக்கு விசையை ஏறத்தாழ இரு மடங்கு வரை பெருக்கியும் கொடுக்கிறது. அதனால் மணலில் புறப்படும்போது சில்லு திடீரென்று வெட்டிச் சுழன்று குழி தோண்டாமல், மெல்ல அழுத்தி, மணலைப் பிடித்துக்கொண்டே நகர்கிறது. கியர் மாறும்போதும் விசை அறுவதில்லை. நான் வழமையாகச் செய்வது, சில்லுச் சறுக்கலைத் தடுக்கும் இலத்திரனியல் அமைப்பை நிறுத்திவிட்டு, கியர் நெம்புகோலைக் கைமுறைப் பக்கம் தள்ளி, ஹை விகிதத்தில் இரண்டாவது கியரிலேயே பிடித்துவைப்பது. அந்த அமைப்பை நிறுத்தாவிட்டால், சில்லு சறுக்குகிறது என்று எண்ணி அது இயந்திரத்தின் விசையைக் குறைத்துவிடும்; மணலில் அதைவிடக் கேடு வேறில்லை. கியரைத் தானாக விட்டால் வேகம் சற்று ஏறியதும் மேலே மாற்றி இழுவையைக் கெடுக்கும்.

சேற்றில் கதை மாறுகிறது. சுண்டிக்குளம் பக்கத்துக் கடனீரேரி ஓரங்களில் மேலே காய்ந்து வெடித்த தோலும் கீழே கறுப்பு உவர்ச்சேறும் இருக்கும். அங்கே வேகம் உதவாது. ஆட்கள் நடக்கும் வேகத்தில், விசை கூடாமலும் குறையாமலும் போக வேண்டும். மனுவல் வாகனத்தை லோ விகிதத்தில் முதல் கியரில் போட்டுக் கால்கள் இரண்டையும் எடுத்துவிட்டால், வெறும் ஐடில் சுழற்சியிலேயே அது ஒரே சீராக ஊர்ந்துகொண்டிருக்கும். உதாரணத்துக்கு, டொயோட்டா ஹைலக்ஸில் லோ விகிதம் விசையை 2.566 மடங்காக்குகிறது, அதை முதல் கியரின் பெருக்கத்தோடு சேர்த்துப் பார்த்தால் ஏன் இயந்திரம் அணையாமல் ஊர்கிறது என்பது விளங்கும். என் பழைய வாகனத்தில், சேற்றுக்குள் இயந்திரம் அணைந்துபோனாலும் கிளச்சை மிதிக்காமலே சாவியைத் திருப்பி, ஸ்ராட்டரின் இழுவையிலேயே மீண்டும் நகர்ந்துவிடலாம். புதிய வாகனங்கள் பலவற்றில் கிளச்சை மிதித்தால் மட்டுமே ஸ்ராட் வரும் என்பதால் அந்த வசதி இல்லை. ஒட்டோவும் லோவில் ஊர்கிறதுதான். ஆனால் சேறு இறுகினால் நின்று, இளகினால் முந்திச் செல்வதால் காலால் ஓயாமல் சரிசெய்துகொண்டிருக்க வேண்டும்.

மாரி வெள்ளத்தில் இரண்டுக்கும் தனித்தனி நோய்கள் உண்டு. மனுவலில் தண்ணீரின் நடுவே கிளச்சை மிதித்தால் தட்டுகளுக்கிடையே தண்ணீர் புகுந்து வழுக்கக்கூடும். இறங்குமுன் கியரைத் தெரிவு செய்துகொண்டு கரையேறும் வரை மாற்றாமல் இருப்பதே முறை. ஒட்டோவில் ஆபத்து இன்னும் கள்ளத்தனமானது. நீண்ட ஓட்டத்தில் கொதித்திருக்கும் பெட்டி குளிர்ந்த வெள்ளத்துக்குள் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி, மூச்சுக்குழாய் தாழ்வாக இருந்தால் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். சிவப்பாக இருக்க வேண்டிய ஒயில் இளஞ்சிவப்புப் பாலாக வெளிவந்தால் பெட்டிக்குள் தண்ணீர் போய்விட்டது என்று பொருள். அதன்பிறகு ஒரு கிலோமீற்றர்கூட ஓட்டக் கூடாது. வெள்ளத்துக்குள் அடிக்கடி இறங்குபவர் அந்த மூச்சுக்குழாயை இயந்திரக் கூட்டின் மேற்பகுதி வரை நீட்டிவைப்பது மிகச் சிறிய செலவு.

மலைவீதி பற்றி ஒரு வார்த்தை மட்டும். நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வழியாக இறங்கும்போது மனுவலில் இரண்டாவது கியர் வாகனத்தைப் பிடித்துவைக்கும் விதம் நிம்மதியானது. ஒட்டோவையும் கைமுறையில் கீழ்க்கியரில் பிடிக்கலாம், பிடிக்க வேண்டும். கியர் தானாக மாறும் டி-யில் விட்டுப் பிறேக்கை மட்டும் நம்பி இறங்குவது எந்த வாகனத்துக்கும் நல்லதன்று.

விசை குறைந்தது ஒட்டோ என்று இன்னமும் நம்புபவர்கள் தயாரிப்பாளர்களின் கணக்கைப் பார்க்கலாம். 2015இல் வந்த ஹைலக்ஸின் 2.8 லீற்றர் டீசலுக்கு முறுக்கு விசையாக மனுவலில் 420 நியூட்டன் மீற்றரும் ஒட்டோவில் 450உம் கொடுத்திருந்தார்கள். 2020ஆம் ஆண்டு மேம்படுத்தியபோது ஒட்டோவுக்கு 500 ஆக்கினார்கள். மனுவல் 420இலேயே நின்றது. இயந்திரம் ஒன்றுதான், பெட்டிதான் வேறு. எரிபொருளைப் பொறுத்தவரை என் வாகனங்களில் ஒட்டோ சற்றுக் கூடக் குடிக்கிறது. லீற்றருக்கு ஒரு கிலோமீற்றர் வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளலாம். 2022 யூனில் டீசல் 460 ரூபா வரை போய், அதையும் வரிசையில் நின்று பெற்ற காலத்தில் அது பெரிய விடயமாகத் தெரிந்தது. இன்று நெல்லியடிச் சந்தையடியிலும் யாழ் நகரத்து ஆஸ்பத்திரி வீதியிலும் நின்று நின்று ஊரும்போது இடது காலுக்குக் கிடைக்கும் ஓய்வை அந்த வித்தியாசத்துக்கு ஈடாகவே கருதுகிறேன்.

செலவைக் கணக்கிடும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். கிளச் என்பது தேயவேண்டிய பொருள். எங்கள் பக்கத்தில் எந்தக் கராச்சிலும் பெட்டியை இறக்கித் தட்டை மாற்றித் தருவார்கள், சாமானும் யாழ்ப்பாணத்திலேயே கிடைக்கும். இயந்திர அதிர்வை உறிஞ்சும் இரட்டைத் திணிவுப் பறப்புச்சில்லு உள்ள புதிய வாகனங்களில் அந்தச் செலவு எகிறும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒட்டோ பெட்டி கவனமாக வைத்திருந்தால் கிளச்சைவிடப் பல மடங்கு காலம் உழைக்கும். கெட்டால் பெரும்பாலும் கொழும்புக்குத்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது. அந்தக் கவனம் என்பது ஒயில்தான். "இந்த ஒயில் ஆயுளுக்கும் போதும், மாற்றத் தேவையில்லை" என்று ஓர் இடத்தில் எனக்கும் சொன்னார்கள். மணலில் கடுமையாக உழைக்கும் வாகனத்துக்கு அந்தப் பேச்சு பொருந்தாது. டோர்க் கன்வேர்ட்டரில் வீணாகும் விசை முழுவதும் வெப்பமாக ஒயிலில் இறங்குகிறது, வெப்பம்தான் ஒயிலைக் கெடுக்கிறது. 60,000 கிலோமீற்றருக்குள் மாற்றிவிடுவது என் வழக்கம். அடியில் உள்ள ஆணியைக் கழற்றினால் ஒரு பகுதி மட்டுமே வடியும், மிச்சம் கன்வேர்ட்டருக்குள் தங்கிவிடும். ஆதலால் ஒரு தடவையோடு விடாமல், சிறிது ஓட்டி மறுபடியும் வடித்து நிரப்ப வேண்டும். அளவுகோல் இல்லாத பெட்டிகளில் ஒயில் மட்டத்தைக் குறித்த வெப்பநிலையில் பார்க்க வேண்டியிருப்பதால் வெப்பத்தை வாசிக்கும் கருவி உள்ள கராச்சுக்கே போக வேண்டும்.

மணலில் ஓடும்போது ஒட்டோ ஒயில் வெப்ப விளக்கு எரிந்தால் இயந்திரத்தை அணைத்துவிடக் கூடாது. வாகனத்தை நிறுத்திவைக்கும் பி-யில் போட்டு இயந்திரத்தை ஐடிலில் விட்டால்தான் ஒயில் குளிர்விப்பானுக்குள் ஓடிக் குளிரும். புதைந்த வாகனத்தை முன்னோக்கிய டி-க்கும் பின்னோக்கிய ஆர்-க்கும் மாறி மாறித் தள்ளி ஆட்டுவதும் அதே வெப்பத்தைத்தான் கூட்டுகிறது. இரண்டு மூன்று முறைக்கு மேல் ஆட்டாமல் மண்வெட்டியை எடுப்பது மலிவு. கடற்கரையில் ஓடுபவர் பெட்டியிலிருந்து குளிர்விப்பானுக்குப் போகும் உலோகக் குழாய்களையும் உப்பு அரிக்கிறதா என்று பார்த்துவர வேண்டும், நன்னீரால் அடிப்பக்கத்தைக் கழுவ வேண்டும்.

தனியிடத்தில் பற்றரி இறங்கிவிட்டால் மனுவலுக்கு நிகர் இல்லை. கொஞ்சம் மின்சாரம் மிச்சமிருந்தால் நாலு பேர் தள்ளி இரண்டாவது கியரில் எழுப்பிவிடலாம். ஒட்டோவைத் தள்ளி எழுப்ப முடியாது; கேபிளோ இன்னொரு பற்றரியோ வேண்டும். கட்டியிழுப்பதாயினும், முன் பின் சில்லுகளுக்கு விசையைப் பிரிக்கும் ட்ரான்ஸ்பர் பெட்டி நியூட்ரலுக்கு வரக்கூடிய வாகனம்தானா என்று கைநூலைப் பார்த்த பிறகே இழுக்க வேண்டும். சில்லுகள் சுழல, ஒயில் ஓடாமல் இழுபட்டால் பெட்டி எரிந்துவிடும்.

இவ்வளவையும் வைத்து என் தெரிவு இதுதான்: வாகனம் பெரும்பாலும் மணலில் ஓடுமானால், அதைத் தானே ஓட்டித் தானே பராமரிப்பவர் ஒட்டோவை வாங்கலாம். வயலுக்கும் சேற்றுக்கும் பாரத்துக்கும் போய், பல சாரதிகளின் கையில் புழங்கும் வாகனமென்றால் மனுவலே நல்லது. அதைக் கெடுப்பவர் கையில் மணமும் வழுக்கலும் உடனே காட்டிக்கொடுக்கும், ஒட்டோ பெட்டியோ அடித்ததைச் சொல்லாமல் வைத்திருந்து கடைசியில் ஒரேயடியாகச் சொல்லும்.

இலங்கையில் 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் திறந்தது என்பதால் எங்கள் ஆட்களில் அநேகர் பார்ப்பது பாவித்த வாகனத்தைத்தான். மனுவலை ஓட்டிப் பார்க்கும்போது நான்காவது கியரில் மெதுவாகப் போய்த் திடீரென்று அக்சிலேற்றரை மிதிக்கவும். சுழற்சி மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளச் முடிந்துவிட்டது. ஒட்டோவை இரவு முழுக்க நின்ற பின் குளிராக இருக்கும்போதே போய்ப் பார்க்க வேண்டும். பிறேக்கை மிதித்தபடி நியூட்ரலான என்-இலிருந்து டி-க்கும் ஆர்-க்கும் போட்டு, கியர் விழ எடுக்கும் நேரத்தையும் அடியில் விழும் உதைப்பையும் கவனிக்கவும். ஒயில் கறுத்து எரிந்த மணம் வீசினால் விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்துக் காட்ட முனைந்தால், மறுநாள் காலையில் வருவதாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.