முன்பதிவு நடையா, திறந்த மலையா?

காட்டுக்குள் மக்களை எப்படி விடுவது என்ற பேச்சு வந்தாலே எனக்கு இரண்டு இடங்கள்தான் நினைவுக்கு வரும். ஒன்று கோவை பக்கத்துச் சிவன் மலையான வெள்ளியங்கிரி. பிப்ரவரியில் இருந்து மே வரை, பூண்டி அடிவாரத்தில் ஒரு மூங்கில் தடியை வாங்கிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக ஏழு மலை ஏறலாம். காசில்லாதவரும் ஏறுவார், எழுபது வயதுப் பாட்டியும் ஏறுவார், அந்தச் சமத்துவம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் வழியெல்லாம் பிஸ்கட் உறை, அதுவும் காடு காய்ந்து கிடக்கும் மாதங்களில் அவ்வளவு கூட்டம். 2024 சீசனில் ஏறும்போதே மூச்சுத்திணறி இறந்தவர்களும் உண்டு.

இன்னொன்று, 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற காட்டு நடைத் திட்டம். தொடங்கும்போது நாற்பது பாதைகள், ஆன்லைன் முன்பதிவு, கூடவே அந்தப் பகுதி பழங்குடி இளைஞர் ஒருவர் வழிகாட்டியாக வருவார். நான் போனபோது அவர் சட்டென்று நின்று, யானைச் சாணத்தைக் குச்சியால் கிளறி ஈரம் பார்த்துவிட்டு, 'கொஞ்சம் பொறுங்க சார்' என்று எங்களைக் கால் மணி நேரம் உட்கார வைத்தார். அந்தக் கால் மணி நேரத்துக்கே கட்டணம் தகும்.

2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களில் 23 பேரைக் காட்டுத்தீயில் பறிகொடுத்த பிறகு, என் ஓட்டு வழிகாட்டியோடு போகும் நடைக்குத்தான். சரி, கட்டணம்? உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்காவது அதை இலவசமாக்க வேண்டும்.