மில்லிமீட்டரைத் துண்டு போடுதல்: ஃபோகஸ் ஸ்டாக்கிங்குடன் நான்கு ஆண்டுகள்

ஜன்னல் விளிம்பில் செத்துக் கிடந்த ஒரு குளவிதான் என்னை இதில் இழுத்துவிட்டது. 100 மி.மீ. மேக்ரோ லென்ஸில் அதன் முகத்தை எடுக்கப் பார்த்தேன். கண் தெளிந்தால் உணர்கொம்பு கரைந்தது, உணர்கொம்பைப் பிடித்தால் கண் போய்விட்டது. லென்ஸில் ஒளி நுழையும் துளையை எஃப்/22 வரை சுருக்கினேன் (எஃப் எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்). எல்லாம் ஓரளவு தெரிந்தது, ஆனால் எதிலும் கூர்மை இல்லை. லென்ஸில்தான் கோளாறு என்று சில வாரங்கள் நம்பிக்கொண்டிருந்தேன்.

லென்ஸ் நன்றாகத்தான் இருந்தது. பொருள் எவ்வளவு பெரியதோ அதே அளவில் சென்சாரில் விழும் 1:1 உருப்பெருக்கத்தில், எஃப்/8 வைத்தாலும் கூர்மையாகத் தெரியும் ஆழம் ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். துளையைச் சுருக்கி ஆழத்தைக் கூட்டலாம் என்றால் ஒளியின் விளிம்பு விளைவு, அதாவது சிறு துளையில் நுழையும் ஒளி பரவிப் படத்தை மங்கலாக்குவது, குறுக்கே வருகிறது. 1:1இல் நாம் வைக்கும் எஃப்/16, நடைமுறையில் எஃப்/32 போல வேலை செய்கிறது. நுண்விவரம் அத்தனையும் மெழுகாகிவிடும். எனவே கூர்மையான துளையை மாற்றாமல், குவியத்தை மட்டும் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிவாக இருக்கும் பட்டையை மட்டும் சேர்த்து ஒரே படமாக்குவதுதான் வழி. இதுதான் ஃபோகஸ் ஸ்டாக்கிங்.

கேட்க எளிதாக இருக்கிறது. முதல் ஆண்டு முழுக்க லென்ஸின் வளையத்தைக் கையால் திருப்பியே எடுத்தேன். சேர்த்த பிறகு குளவியின் முதுகில் தெளிவு, மங்கல், தெளிவு, மங்கல் என்று வரிக்குதிரைக் கோடுகள். இரண்டு படங்களுக்கு நடுவே இடைவெளி விழுந்துவிட்டால் அங்கே என்ன இருந்தது என்பது எந்தப் படத்திலும் இல்லை. மென்பொருளை எத்தனை முறை மாற்றினாலும் அது வராது. எடுக்கும்போது செய்த பிழை, மேசைக்கு வந்த பிறகுதான் முகத்தைக் காட்டும். இந்தக் கலையில் என்னை அதிகம் வருத்தியது இதுதான்.

பிறகு கணக்குப் போடத் தொடங்கினேன். எஃப்/5.6இல், 1:1இல், ஆழம் சுமார் 0.6 மி.மீ. கணினித் திரையில் முழு அளவில் பார்ப்பவருக்கு அந்தக் கணக்கும் தாராளமானதுதான். அதனால் பாதியை எடுத்துக்கொள்கிறேன்: படிக்கு 0.3 மி.மீ. பொருளின் ஆழம் 6 மி.மீ. என்றால் 20 படங்கள், முன்னும் பின்னும் சில கூடுதல். கேமராவைத் திருகின் மூலம் நகர்த்தும் ஃபோகஸ் ரெயில் ஒன்று வாங்கியதும் இது சாத்தியமானது. ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: திருகைத் திசை மாற்றினால் முதலில் சிறிது தூரம் வெறுமனே சுற்றும். முன்னிருந்து பின்னோ, பின்னிருந்து முன்னோ, ஒரே திசையில் போக வேண்டும்.

கேமராவே குவியத்தை நகர்த்தி எடுத்துத் தரும் வசதி இப்போது பலவற்றில் இருக்கிறது. 2017இல் வந்த நிக்கான் டி850 ஒரே தொடரில் 300 படங்கள் வரை எடுக்கும், படி அகலத்தை 1 முதல் 10 வரை வைக்கலாம். அந்த எண்கள் மில்லிமீட்டர் அல்ல. உங்கள் லென்ஸில், உங்கள் துளையில் எந்த எண் பொருந்துகிறது என்பதைச் சாய்த்து வைத்த ஓர் அளவுகோலைப் படமெடுத்து நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். பூக்கள், நிலக்காட்சி போன்றவற்றுக்கு நான் இந்த வசதியைத்தான் நம்புகிறேன். 1:1ஐத் தாண்டினால் ரெயிலுக்குத் திரும்பிவிடுவேன்.

தூசி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு படத்தில் வண்டின் சிறகுக்குப் பக்கத்தில் கறுப்புப் புள்ளிகள் எறும்பு வரிசை போல ஓடின. ஏதோ நூலிழை என்று நினைத்தேன். சென்சாரில் இருந்த ஒரே ஒரு தூசி அது. படங்களை ஒன்றோடொன்று பொருத்தும்போது மென்பொருள் ஒவ்வொன்றையும் நூலளவு பெரிதாக்கியோ சிறிதாக்கியோ வைக்கிறது. தூசியும் கூடவே இடம் மாறி, 40 படங்களுக்கு 40 புள்ளிகளாக நின்றுவிட்டது. இப்போது ஒவ்வொரு தொடருக்கும் முன்பு வெறும் வெள்ளைத் தாளை ஒரு படம் எடுத்துப் பார்க்கிறேன்.

மென்பொருளில் ஹீலிகான் ஃபோகஸ், ஜெரீன் ஸ்டாக்கர் இரண்டையும் நீண்ட நாள் பயன்படுத்தியிருக்கிறேன். காசு செலவழிக்க விரும்பாதவர்களுக்கு என்ஃபியூஸ் இருக்கிறது, ஃபோட்டோஷாப்பிலும் சேர்க்கலாம். பெயரைவிட முறைதான் முக்கியம். படங்களை நுண்விவரம், பெருவிவரம் என்று அடுக்கடுக்காகப் பிரித்துச் சேர்க்கும் பிரமிடு முறை ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் மயிர்களையும் முட்களையும் அழகாகப் பிரித்துக் காட்டும், ஆனால் இரைச்சல் எனப்படும் பொடிப் புள்ளிகளையும் ஒளி-இருள் மாறுபாட்டையும் கூட்டிவிடும். எந்த இடம் எந்தப் படத்தில் தெளிவு என்று வரைபடம் போட்டுச் சேர்க்கும் ஆழ வரைபட முறையில் நிறமும் வழவழப்பும் அப்படியே இருக்கும், மயிர் என்றால் திணறும். நான் இரண்டிலும் செய்து, ஆழ வரைபடப் படத்தை அடியில் வைத்து, மயிர் உள்ள இடங்களை மட்டும் மற்றதிலிருந்து தீட்டி எடுக்கிறேன். 20 நிமிடத்தில் எடுத்த தொடருக்கு இரண்டு மணி நேரம் இதில் போகும்.

அப்படியும் சில விளிம்புகளில் மங்கலான வளையம் நிற்கும். பின்னால் குவியம் வைக்கும்போது முன்னால் உள்ள கால் அகன்ற புகையாக மாறித் தனக்குப் பின்னால் இருப்பதை மறைத்துவிடுகிறது, அந்த இடத்தை எந்தப் படமும் தெளிவாகப் பார்ப்பதில்லை. பூச்சியைச் சற்றே திருப்பி வைப்பதுதான் நான் கண்ட நல்ல மருந்து.

உயிருள்ள பூச்சிகளை விடியற்காலையில், பனித்துளி உலர்வதற்குள், எட்டுப் பத்துப் படங்களில் முடித்துக்கொள்கிறேன். அசையாமல் இருக்கட்டும் என்று பூச்சியைக் குளிர்பெட்டியில் வைக்கும் பழக்கத்தை நான் ஏற்கவில்லை. ஒரு படத்துக்காக ஓர் உயிரை விறைக்க வைப்பது எனக்குத் தவறாகவே படுகிறது.

எல்லாவற்றையும் தெளிவாக்க வேண்டியதும் இல்லை. ஒரு விதைநெற்றை முழுக்க அடுக்கியபோது அது பின்னணியில் ஒட்டவைத்த காகிதம் போல இருந்தது. அதே தொடரில் கடைசி 15 படங்களை நீக்கிவிட்டுச் சேர்த்தேன். நெற்றின் பின்பாதி மெல்ல மங்கியதும் அதற்கு உருண்டை வந்தது. மூலப் படங்களை அழிக்காமல் வைத்திருந்ததால்தான் அது முடிந்தது. ஒரு தொடருக்கு 3 ஜிபி வரை இடம் பிடிக்கிறது, பிடிக்கட்டும்.

அந்தக் குளவியை ஒரு சிறு டப்பாவில் வைத்திருந்தேன். போன மாதம் லென்ஸுக்கு முன் ஒரு குளோசப் லென்ஸ் மாட்டி, 2:1 அளவில், 0.12 மி.மீ. படியில் 64 படங்கள் எடுத்தேன். கொட்டும் குளவிகளில் பொதுவாகப் பெண்ணின் உணர்கொம்பில் 12 கணுக்கள், ஆணுக்கு 13. நுனி வரை எண்ணினேன். 12 இருந்தன.